டிஸ்ப்ளே செத்த போனுக்குள் இருந்த படம்

பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு மொட்டையடித்துக் காது குத்திய அன்றுதான் எனக்கு அது தெரிந்தது. மாமன் மடியில் உட்கார்ந்து குழந்தை வீறிட்டு அழுதது. போட்டோக்காரர் பளிச் பளிச்சென்று எடுத்துத் தள்ளினார். நான் சந்தனக் கிண்ணத்தோடு நின்றிருந்தேன். என் பிள்ளைக்குக் காது குத்தியிருந்தால் அவனும் இப்படித்தான் அழுதிருப்பான் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே அவன் முகத்தை மனதுக்குள் கொண்டுவரப் பார்த்தேன். வரவில்லை. உள்ளங்கால் வந்தது, தொடை மடிப்பு வந்தது, பிடரியில் இருந்த பூனைமயிர்கூட வந்தது. முகம் வரவில்லை. கிண்ணத்தை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். பெற்றவளுக்குப் பிள்ளை முகம் மறக்குமா? மறக்கும். எனக்கு ஒன்றரை வருடத்தில் மறந்துவிட்டது.

எங்கள் வீடு திருவொற்றியூர்க் கடலோரத்தில், குப்பத்தின் கடைசித் தெருவில் இருந்தது. என் வீட்டுக்காரர் காசிமேட்டில் விசைப்படகுக்குப் போய்க்கொண்டிருந்தார். போனால் எட்டு நாள், பத்து நாள் கடலிலேயே தங்கல். எனக்கு முதல் இரண்டும் மூன்றாம் மாதமே கலைந்துவிட்டன. மூன்றாவதாகத் தங்கியவன்தான் அவன். எங்கள் பக்கத்தில் பிள்ளைக்கு ஒரு வயது முடிந்து, மொட்டையடித்துக் காது குத்துகிறவரை போட்டோ எடுக்க மாட்டார்கள். எடுத்தால் ஆயுசு குறையும் என்பார்கள். என் மாமியார்கூட ஒருநாள், "ஆஸ்பத்திரிக் கார்டுக்கு போட்டோ கேட்டா இன்னாடி பண்ணுவ?" என்று விட்டுக்கொடுத்தார். நான் விடவில்லை. இரண்டைப் பறிகொடுத்தவள் நான். எனக்கு மட்டும் தெரிந்த பயம் அது.

கேமரா வைத்த போன் குப்பத்துக்கு வந்த புதிது. சுனாமிக்கு இரண்டு மூன்று வருடம் கழித்து என்று வைத்துக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டுக்காரரும் ஒரே நாளில் பஜாருக்குப் போய் ஒரே மாதிரி இரண்டு போன் வாங்கி வந்தார்கள். அப்போது நான் ஆறு மாதக் கர்ப்பம். கடலுக்குப் போகும்போது அதை மூன்று பாலித்தீன் பைக்குள் போட்டு முடிச்சுப் போட்டுத்தான் கொண்டுபோவார்.

பிள்ளை பிறந்த பிறகு, கரைக்கு வந்தாரென்றால் மனுஷன் தூளியை விட்டு நகர மாட்டார். போனைத் தூளிக்கு மேலே பிடித்துக்கொண்டு நிற்பார். உள்ளே இவன் கெக்கெக்கே என்று சிரிப்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"யோவ், போட்டோ எடுக்கறியா? மருவாதியா அத்த கீழ வை."

"பாட்டும்மே. ரிங்டோன் வெச்சிகினு கீறேன். கேட்டுட்டு இன்னாமா சிரிக்கிறான் பாரு."

"எந்தக் காதுல பூ சுத்தற? பாட்டு மட்டும் வைக்கிறவன் மூஞ்சிக்கு நேராவா புடிப்பான்?"

போனைப் பிடுங்கி அலமாரி மேல் எறிவேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு சிரிப்பார். அடுத்த நடை வந்ததும் மறுபடியும் தூளி, மறுபடியும் போன், மறுபடியும் என் கூச்சல். ஏழு மாதம் இப்படித்தான் ஓடியது.

ஐப்பசி மழையில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றே நாள். அதை எழுத எனக்குக் கை வரவில்லை. நாலாம் நாள் காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டோம். தெருவே வாசலில் நின்றது. அவர் பிள்ளையை வாங்க இரண்டு கையையும் நீட்டினார். சின்னப் பிள்ளைகளுக்குப் பாடை கிடையாது. அப்பன்தான் கையில் ஏந்திக்கொண்டு போக வேண்டும். நான் கொடுக்கவில்லை. அத்தனை பேருக்கு முன்னால் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"உன்னாலதான்யா போச்சு! வாணாம் வாணாம்னு அடிச்சிகினேனே, கேட்டியா? போன்ல புடிச்சுப் புடிச்சு என் புள்ளைய முழுங்கிட்டியே, பாவி!"

அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. என் கையிலிருந்து பிள்ளையை மெதுவாகப் பிரித்து வாங்கிக்கொண்டு நடந்தார். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். நின்றுவிட்டேன்.

நான் சொன்னதை ஊர் விடவில்லை. குழாயடியில் பேசினார்கள். மீன் ஏலம் விடுகிற இடத்தில் பேசினார்கள். "போட்டோ எடுத்து புள்ளைய தோத்தான்" என்று அவர் காதில் விழுகிற மாதிரியே பேசினார்கள். எனக்கு அது கேட்க இதமாக இருந்தது. இதை ஒளிக்கப்போவதில்லை. என் மேல் பழி இல்லை என்று ஊரே சொல்கிற மாதிரி இருந்தது. அந்தப் பிடியில்தான் நான் எழுந்து சோறு பொங்கினேன், மீன் கழுவினேன், உயிரோடு இருந்தேன்.

அடுத்த மாதமே போனில் உப்புத் தண்ணீர் போய் டிஸ்ப்ளே செத்துவிட்டது. மணி அடிக்கும், பட்டனை அமுக்கினால் சத்தம் வரும், திரை மட்டும் ஒரே வெள்ளை. அவர் சாதாரண போன் ஒன்று வாங்கிக்கொண்டார். ஆனால் பழையதை விடவில்லை. ஒவ்வொரு நடை முடிந்து வந்ததும் அதை எடுத்துத் துணியால் துடைத்து சார்ஜ் போடுவார். ஏறியதும் எடுத்து அலமாரியில் வைத்துவிடுவார். பிள்ளையைப் பற்றி அவரும் பேச மாட்டார், நானும் பேச மாட்டேன். "செத்த போனுக்கு இன்னாத்துக்குய்யா கரெண்டு?" என்று ஒருமுறை கேட்டேன். துடைத்துக்கொண்டே இருந்தார். உள்ளே பிள்ளை படங்கள் இருக்கின்றன, அதனால்தான் இந்த மனுஷன் இதைக் கட்டிக்கொண்டு அழுகிறார் என்று தெரிந்துகொண்டேன். அது தெரிந்தபோது வெறுப்பாக இருந்தது. காதுகுத்து அன்று கதவைச் சாத்திக்கொண்டு அந்த அலமாரியைப் பார்த்தபோது வெறுப்பில்லை. அதற்குள் அவன் முகம் இருக்கிறது. எந்தப் படத்துக்காக அவரைச் சபித்தேனோ அதில் ஒன்றே ஒன்று கிடைத்தால் போதும் என்று இருந்தது. வெட்கங்கெட்ட மனசு.

அவர் கடலுக்குப் போயிருந்தார். மறுநாள் மத்தியானம் போனை எடுத்துக்கொண்டு விம்கோ நகர் பக்கம் ஒரு கடைக்குப் போனேன். ஜெராக்ஸ், பாஸ்போர்ட் போட்டோ, நெட் எல்லாம் ஒரே அறைக்குள் நடக்கிற கடை. கடைக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓரமெல்லாம் உப்புப் பூத்திருந்தது.

"இன்னாம்மா, இத்த கட்டி மீன் புடிச்சீங்களா?"

"ஆமாண்ணே, வஞ்சிரம் மாட்டிச்சு. உள்ள புள்ள போட்டோ கீது. எடுத்துக் குடுக்க முடியுமா, முடியாதா?"

என் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும், சிரிப்பை நிறுத்திக்கொண்டார். கம்பெனிக்கு ஒரு ஒயர், மாடலுக்கு ஒரு ஒயர் என்று இருந்த காலம். ஆணியில் தொங்கிய ஒயர்களில் ஒன்றும் இதற்குப் பொருந்தவில்லை. "இது கூட வர்ற பெட்டில ஒயரும் சிடியும் இருந்திருக்குமே" என்றார். எங்கள் பெட்டியை எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டோம். ஓடினேன். பக்கத்து வீட்டுக்காரியிடம் பெட்டி இருந்தது, உள்ளே ஒயர் சுற்றிய கவர்கூடப் பிரிக்கவில்லை.

ஒயரைச் சொருகியும் கம்ப்யூட்டரில் ஒன்றும் வரவில்லை. சிடி போட்டார். அப்போதும் வரவில்லை.

"ஒயர் சொருகினதும் போன் ஒரு கேள்வி கேக்கும்மா. அதுக்கு ஓகே குடுத்தாத்தான் படத்த வெளிய வுடும். இதுல இன்னா கேக்குதுன்னே தெரியலியே."

"இதே மாதிரி இன்னொரு போன் எங்க பக்கத்து வூட்ல கீதுண்ணே. அதுல சொருகினா கேள்வி தெரியுமில்ல?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "கெட்டிக்காரிம்மா நீ" என்றார். மறுபடியும் ஓடினேன். இந்தத் தடவை பக்கத்து வீட்டுக்காரி என்ன ஏது என்று கேட்காமல் போனைச் சார்ஜரிலிருந்து கழற்றிக் கையில் கொடுத்தாள்.

முதலில் அவள் போனில் ஒயரைச் சொருகி, திரையைப் பார்த்துக்கொண்டே எந்தப் பட்டன் எத்தனை தடவை என்று ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொண்டார். அப்புறம் ஒயரைப் பிடுங்கி எங்கள் போனில் சொருகி, தாளைப் பார்த்து வெள்ளைத் திரையில் குருட்டாம்போக்கில் அமுக்கினார். கீழே இரண்டு, நடுவில் ஒன்று. டிங் என்று கம்ப்யூட்டரில் சத்தம் வந்தது.

"வந்துச்சும்மா! நாப்பத்தி மூணு படம் கீது. சொருகற எடத்துல உப்பு அரிச்சுட்டுக்கீது, ஒயர் ஆடுது. ஆடாம அமுக்கிப் புடிச்சுக்கோ. நான் காப்பி பண்றேன்."

இரண்டு கையாலும் போனையும் ஒயரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். கம்ப்யூட்டர் திரையில் ஒரு பச்சைக் கோடு கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. விரல் மரத்துப்போனது. அது முடிகிறவரை பிடியை விடவில்லை.

ஒவ்வொன்றாகத் திறந்தார். வாங்கிய அன்று எடுத்த எங்கள் வீட்டுக் கதவு. படகு. அப்புறம் ஒன்றில் நான், வயிற்றைத் தள்ளிக்கொண்டு கொடியில் துணி காயப்போடுகிறேன். இதோ, இதற்கு அடுத்தது அவன்தான் என்று நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். அடுத்தது ஒரு பெரிய திருக்கை. அடுத்தது ஐஸ் பெட்டி. வலை, கூட்டாளிகள், இஞ்சின், கையில் வஞ்சிரத்தோடு பக்கத்து வீட்டுக்காரர், மறுபடியும் கடல். தேதி ஏறிக்கொண்டே போனது. பிள்ளைக்கு ஒரு மாதம், மூன்று மாதம், ஐந்து மாதம் ஆன நாட்களெல்லாம் ஓரத்தில் எண்களாக வந்தன. படத்தில் எல்லாம் மீன்.

"புள்ள போட்டோவே காணமேம்மா" என்றார் கடைக்காரர்.

"இருக்கும்ண்ணே. கீது. அவரு எடுத்தாரு, நானே பாத்தேன். தினம் எடுத்தாரு" என்றேன். சொல்லும்போதே எனக்குக் குரல் இறங்கிவிட்டது. நான் என்ன பார்த்தேன்? தூளிக்கு மேல் ஒரு போனைப் பார்த்தேன். அவன் சிரித்ததைக் கேட்டேன்.

நாற்பத்து மூன்றாவது படம் திறந்தது.

மணல். மணல்மேல் என் வீட்டுக்காரரின் சிவப்புத் துண்டு விரித்திருந்தது. அதன்மேல் அவன். நான் போட்டுவிட்ட மஞ்சள் சட்டை, நான் வைத்த கன்னப் பொட்டு. கண் மூடியிருந்தது. வெயில் நேராக முகத்தில் விழுகிற மாதிரி தலையைக் கொஞ்சம் திருப்பி வைத்திருந்தார். ஓரத்தில் வெட்டிய மண் குவியல் தெரிந்தது. நான் போகக் கூடாத இடம் அது. அங்கே, மண்ணுக்குள் வைப்பதற்கு முன்னால், முதல் தடவையாகவும் கடைசித் தடவையாகவும் எடுத்திருக்கிறார். ஏழு மாதத்தில் ஒன்றே ஒன்று.

மூக்கு அப்படித்தான் இருந்தது. எப்படி மறந்தேன்? மேலுதடு கொஞ்சம் தூக்கினாற்போல. என் அப்பாவின் உதடு.

கடைக்காரர் எழுந்து வெளியே போய் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்து, என்னைப் பார்க்காமல், "மாலை போட்டு மாட்டறதுக்கு செஞ்சு தருவேம்மா. கண்ண தொறந்து வெச்சுடலாம். பெரியவங்களுக்கு நெறைய செஞ்சிருக்கேன், பாத்தா தெரியவே தெரியாது" என்றார். நல்ல மனுஷன், நல்லதுக்குத்தான் சொன்னார்.

"யார் கண்ண எடுத்துண்ணே வைப்ப?" என்றேன்.

கடைக்காரர் படங்களை ஒரு சிடியில் போட்டுக் கொடுத்தார்.

நாலு நாள் கழித்து என் வீட்டுக்காரர் கரைக்கு வந்தார். குளித்தார், சாப்பிட்டார். வழக்கம்போல அலமாரியைத் திறந்து போனை எடுத்தார். துடைக்கப் போனவரிடம் சொன்னேன்.

"கடையில ஒயர் போட்டுப் பாத்துட்டேன்யா."

துணி நின்றது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

நான் அவர் காலில் விழ வேண்டும் என்றுதான் நாலு நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். என் வாய்க்கு அது தெரியவில்லை, கோபமாகத்தான் வந்தது. "ஊர் முன்னால அப்பிடிக் கத்தினேனே, எடுக்கலன்னு ஒரு வார்த்த சொன்னா இன்னா? வாயில இன்னா வெச்சிருந்த?"

"நீ அழுதுகினு கீற. அந்நேரத்துல நான் பண்ணலன்னு உன்கிட்ட நாயம் பேசச் சொல்றியா?"

எனக்குத் தாங்கவில்லை. அவர் தோளில் அடித்தேன். அடித்துக்கொண்டே அழுதேன். "எனுக்குத் தெரியாம ஒண்ணு எடுத்துக்கக் கூடாதாய்யா? அவன் சிரிக்கறப்போ ஒண்ணு? ஒண்ணே ஒண்ணு?"

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீதான் வாணாம்னியேமே" என்றார்.