சுவருக்குள் கதைத்தவர்கள்

சென்னை மந்தைவெளிக்குக் குடிவந்து நான்கு வருடமாகியும், கடையில் நான் வாய் திறந்தால் "கேரளாவாம்மா?" என்றுதான் கேட்கிறார்கள். யாழ்ப்பாணம் என்று சொல்லி அலுத்து, இப்போதெல்லாம் தலையாட்டிவிட்டு வருகிறேன். அதனால்தான் ஒரு மத்தியானம் என் தம்பி ரூபன், "அக்கா, சுவருக்குள்ள எங்கட ஆக்கள் கதைக்கினம்" என்றபோது எனக்குப் பயம் வரவில்லை, ஆசை வந்தது. நானும் காதை வைத்தேன். குளிர்ந்த சுண்ணாம்பு. அந்தப் பக்கம் வீடே கிடையாது, வெறும் சந்து. "குஞ்சன் எண்டு கூப்பிடினம்" என்றான். வீட்டில் அம்மா மட்டும் அழைக்கும் பெயர் அது. அவன் பல்லை அரைத்துக்கொண்டே இருந்தான். மறுநாள் பார்த்தால் திருப்புளியால் சுவரைத் தோண்டிக்கொண்டிருந்தான், விரல்களில் இரத்தம். அப்போதுதான் சொன்னான்: கூரியர் கிடங்கில் இரவு வேலைக்கு விழித்திருக்கப் பழகிய ஐஸ் என்ற போதைப்பொருள், இப்போது தூங்கவே விடுவதில்லை.

ஊரில் எங்கள் தெருவில் ஒரு பெடியனுக்கு இதே பழக்கம். வெளிநாடு போய்விட்டான் என்று வீட்டார் சொன்னார்கள். ஆனால் பூட்டிய பின்னறைக் கதவை அவன் உள்ளிருந்து தட்டுவது தெருவுக்கே கேட்கும். கேளாததுபோல் நாங்கள் கடந்துபோவோம். இங்கே எங்களை ஒருவருக்கும் தெரியாது. அந்தத் தைரியத்தில் அவனை அடையாறில் ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன்.

"இன்னாம்மா பிரச்சன?" என்றார் வரவேற்பில் இருந்த பெண்.

"தம்பி ஐஸ் பாவிக்கிறவன்."

"பாவிக்கிறாரா? அப்ப சும்மா நடிக்கிறாருன்றியா?" எங்கள் ஊரில் பாவிப்பது என்றால் பயன்படுத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை.

ரூபன் குனிந்தபடி, "போதைமருந்து. நான்தான் எடுக்கிறனான்" என்றான். அந்தப் பெண்ணின் முகம் மாறியது. தன் நாற்காலியை அவனுக்குத் தள்ளிக் கொடுத்தார்.

மருத்துவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தக் குரல் மருந்து பண்ற வேலை. நிறுத்திட்டு நல்லா தூங்கினா பெரும்பாலும் அடங்கிடும். தனியா நிறுத்த வேணாம், நாங்க இருக்கோம்" என்றார். சில வாரம் அங்கேயே தங்கினான். வீடு திரும்பியபின் ஒருமுறை மீண்டும் எடுத்தான். ஆனால் தானே மருத்துவமனை ஆலோசகரை அழைத்துச் சொன்னான். யாரும் ஏசவில்லை. திரும்பவும் வரச் சொன்னார்கள்.

குரல்கள் போய்விட்டன. "பயமாத்தான் இருந்தது. ஆனா அவை போனாப்பிறகு வீடு வெறிச்செண்டு கிடக்கு" என்றான் ஒருநாள்.

நேற்றுச் சாயங்காலம் சமைத்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் யாரோ ஓர் ஆண், "இன்னா மச்சி, சாப்ட்டியா? நான் நல்லாகீறேன்" என்று பேசுவது கேட்டது. கரண்டியோடு எட்டிப் பார்த்தேன். மருத்துவமனையில் கிடைத்த சிநேகிதனோடு ரூபன்தான் தொலைபேசியில் அப்படிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் தொலைபேசியைக் கையால் பொத்தி, "அக்கா, தேத்தண்ணி போடட்டே?" என்றான். இரண்டு குரல்களில் எது என் தம்பியுடையது என்று ஒரு கணம் பிடிபடாமல் சமையலறை வாசலிலேயே நின்றேன்.