எந்தப் பக்கம் திருப்புவது

என் அம்மா முகப்பேரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். போன வருடம் வந்த பக்கவாதத்தில் இழுத்துக்கொண்ட கை சில மாதங்களில் சரியாகிவிட்டது. சொற்கள்தான் திரும்பவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் "சீப்பு" என்பாள். சீப்பு வேண்டுமென்றால் கையை நீட்டி என்னை முறைப்பாள். நாம் சொல்வதும் பாதிதான் போய்ச் சேரும்; வாக்கியம் கொஞ்சம் நீண்டால் நடுவிலேயே நழுவிவிடும். வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் இதை விளக்கி எனக்கு அலுத்துவிட்டது. பொறுமையாகத் தலையாட்டுவார்கள். பிறகு, காது கேட்காதவரிடம் பேசுவதுபோல அவளிடம் கத்துவார்கள்.

அயனம்பாக்கத்தில் நாங்கள் இருக்கும் ஃபிளாட்டில் அம்மாவின் அறைப் பூட்டு ரொம்ப நாளாகவே மக்கர் செய்துகொண்டிருந்தது. உள்பக்கக் குமிழை உள்ளங்கையால் நன்றாக அழுத்திக்கொண்டே திருப்பினால்தான் திறக்கும். வெளியிலிருந்து திறக்கும் சாவி எப்போதோ தொலைந்துபோனது. அம்மா கதவைச் சாத்துவாளே தவிர பூட்டமாட்டாள். ஒரு சனிக்கிழமை காலை பூட்டிக்கொண்டாள்.

நான் சமையலறையில் இருந்தேன். கதவு தடதடவென்று அதிர்ந்தது. "பஸ்சு! பஸ்சு!" என்று அலறினாள்.

"அம்மா, குமிழை அழுத்திக்கிட்டே திருப்பும்மா!" என்றேன். குமிழ் கடகடவென்று ஆடும் சத்தம் கேட்டது. திறக்கவில்லை. "அழுத்தும்மா, அழுத்து!" என்றேன். கதவை இன்னும் பலமாகத் தட்டினாள்.

சத்தம் கேட்டு மேல்வீட்டுக்காரர் இறங்கி வந்தார். கோயம்புத்தூர்க்காரர், ஐ.டி.யில் வேலை. நிலைமையைச் சொன்னதும் கதவில் வாயை வைத்து, "ஆன்ட்டி! பயப்படாதீங்க! ஆன்டி கிளாக்வைஸ் திருப்புங்க!" என்று கூவினார்.

"தம்பி, அவங்களுக்குக் காது நல்லா கேக்கும். அர்த்தம்தான் போய்ச் சேராது."

"சரிங்க்கா, சரிங்க்கா." மறுபடியும் வாயை வைத்தார். "இ...ட...து... பக்கம்!"

எனக்கு அவர் வாயைப் பொத்தலாம்போல இருந்தது.

அதற்குள் வாட்ச்மேனும் வந்துவிட்டார். "இன்னாக்கா, இதுக்குப் போயி யோசிச்சிகினு கீறே? ஒரே ஒதை. கதவு பூடும்."

"அம்மா கதவுக்குப் பின்னாடியே நிக்கிறாங்கண்ணே. யாரை உதைப்பீங்க?"

"அப்ப அவங்கள நவுந்துக்கச் சொல்லுக்கா."

யாரிடம் என்னத்தைச் சொல்வது! உள்ளே தட்டுவது நின்று, அழுகைச் சத்தம் கேட்டது. இருவரும் கதவைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்க!" என்று நானும் கத்தினேன்.

அமைதி வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அதே பூட்டுதான் என் அறைக் கதவிலும்; அந்தக் குமிழை நான் தினமும் திருப்புகிறேன். ஆனால் இடதா வலதா என்று யோசித்தால் தெரியவில்லை. கைக்குத் தெரியும், வாய்க்குத் தெரியாது. என் அறைக்குப் போய்த் திருப்பிப் பார்த்தேன். வலது. ஒரு தாளில் கதவு, குமிழ், அதன்மேல் அழுத்தியிருக்கும் உள்ளங்கை, வலப்பக்கம் வளையும் அம்புக்குறி எல்லாம் வரைந்தேன். கதவுக்கு அடியில் தள்ளினேன்.

அழுகை நின்றது. தாள் சரசரத்தது. மேல்வீட்டுக்காரர் வாயைத் திறந்தார், முறைத்தேன், மூடிக்கொண்டார்.

சற்று நேரத்தில் தாள் அடியிலிருந்து திரும்பி வந்தது. என் அம்புக்குறியின் மேல் அழுத்தமாக ஒரு பெருக்கல் குறி. பக்கத்தில், இடப்பக்கம் வளைந்த புதிய அம்பு. உள்ளங்கையை மட்டும் அப்படியே விட்டிருந்தாள்.

'க்ளிக்' என்றது. கதவு திறந்தது.

என் அறைக் கதவு எதிர்ப்பக்கம் திறப்பது. அதனால் பூட்டும் எதிர்ப்பக்கம் திரும்பும். கணக்கு டீச்சரின் மகளுக்கு இது தோன்றவில்லை. அம்மா ஆரம்பத்திலிருந்தே சரியான பக்கம்தான் திருப்பிக்கொண்டிருந்திருக்கிறாள். அழுத்த வேண்டும் என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை. நாங்கள் மூவரும் தொண்டை கிழியக் கத்தியதில் 'அழுத்து' என்ற அந்த ஒரு சொல் போய்ச் சேரவில்லை. படத்தில் வரைந்த கை போய்ச் சேர்ந்தது.

கலைந்த தலையோடு வெளியே வந்தவள் கூட்டத்தைப் பார்த்தாள். மேல்வீட்டுக்காரர், "ஆன்ட்டி! ஒண்ணும் ஆகலைங்களே!" என்று பழையபடி உரக்கக் கேட்டார்.

"சத்தம் போடாதே! உட்காரு!" என்றாள் அம்மா, தெள்ளத் தெளிவாக.

பல மாதங்களில் அவள் பிசகில்லாமல் சொன்ன முதல் வாக்கியம். அவர் நிஜமாகவே சோபாவில் உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "இன்னொரு தடவை சொல்லும்மா" என்றேன். உதடுகளைக் கூட்டி ரொம்ப முயன்று, "சீப்பு" என்றாள். அவள் கண்ணில் தெரிந்த எரிச்சல் எனக்கும் இருந்தது.

அன்றைக்கே பூந்தமல்லித் தச்சர் ஒருவருக்குப் போன் செய்து, மறுநாள் வரவழைத்துப் பூட்டையே கழற்றச் சொன்னேன். அம்மா பக்கத்தில் நின்று பார்த்தாள். அவர் போனதும் அறைக்குள் போனாள். நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. கதவைத் தள்ளினேன், நகரவில்லை.

"அம்மா, நாற்காலியை எடும்மா" என்றேன்.

நாற்காலி அசையவில்லை. இந்த முறை புரியாமல் இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. தன் அறைக் கதவைச் சாத்திக்கொள்ள அவளுக்கு ஒரு வழி வேண்டும், அவ்வளவுதான். பல்லைக் கடித்துக்கொண்டு தச்சருக்கு மறுபடியும் போன் போட்டேன். சாதாரணத் தாழ்ப்பாள் ஒன்று மாட்ட வேண்டும் என்றேன்.

"நேத்து போன்லயே சொல்லியிருக்கலாமே மேடம்" என்றார் அவர். இல்லை, நேற்று யாராலும் எதையும் சொல்ல முடியவில்லை என்று அவருக்கு எப்படி விளக்குவது? "வாங்க" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.