பஞ்சம்மாள் போடச் சொன்ன பூட்டு

பஞ்சம்மாளுக்குக் காது போய் ரொம்ப காலமாகிறது. கமுதிப் பக்கம் கிணறு வெட்டிய இடத்தில் மண் சுமந்தாள். வெடி வைத்ததை யாரும் இவளிடம் சொல்லவில்லை. அன்றோடு சரி. எதிரே நின்று பேசினால் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். புருஷன் இல்லை. மிளகாய்க்காட்டில் களையெடுத்துத்தான் மகன் மலையாண்டியை ஆளாக்கினாள். அவன் குவைத்துக்கு லாரி ஓட்டப் போனான். என் போனுக்கு அவன் கூப்பிட்டு நான் கொடுத்தால், "எனக்கு என்ன கேக்கவா செய்யுது, நீயே பேசு" என்று என்னிடம் நீட்டிவிடுவாள். நான் அவளுக்குக் கொழுந்தன் முறை.

2008-இல் எங்கள் ஊர் நூலகத்துக்கு இரண்டு கம்ப்யூட்டர் வந்தது. ஒன்றில் கேமரா இருந்தது. வெள்ளிக்கிழமை அவனுக்கும் லீவு, நூலகத்துக்கும் லீவு. அதனால் வியாழன் சாயங்காலம் அவன் அங்கே ஒரு கடையில் உட்காருவான், இவள் இங்கே உட்காருவாள். அவன் வாயை அகலத் திறந்து பேசுவான். "கழுத்தெலும்பு தெரியுதேடா" என்று இவள் கத்துவாள். நூலகமே திரும்பிப் பார்க்கும்.

ஒரு வியாழன் பக்கத்துக் கம்ப்யூட்டரில் நாலு பயல்கள் குனிந்து சிரித்தார்கள். இவள் எட்டிப் பார்த்தாள். துணியில்லாத பொம்பளைப் படம்.

எங்கள் ஊர்க்கூட்டத்தில் பெண்கள் பேசுவதில்லை. அந்த வாரம் இவள் எழுந்து பேசினாள்.

"அது படிக்கிற எடமா, என்ன எடம்? அதப் பூட்டுங்க. பூட்டாட்டி அம்மிக்கல்லத் தூக்கியாந்து நானே ஒடைப்பேன்."

"அம்மி ஒடஞ்சா எதுல மதினி அரைப்பீக?" என்றார் கூட்டத்தை நடத்தும் பெரியதனம் நாகநாதன். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் பூட்டச் சொல்லி முடிவாயிற்று.

கூட்டத்தில் சொன்ன சொல்லைத் திருப்பி எடுத்தவருக்கு மறுபடி அங்கே பேச்சில்லை. இது எங்கள் ஊர் வழக்கம்.

நூலகர் ராமசுப்பிரமணியன் ஆள் வைத்துக் கம்ப்யூட்டருக்குள்ளேயே பூட்டுப் போட்டார். அந்தப் படத்தை மட்டும்தான் பூட்டுவார்கள் என்று இவள் நினைத்திருக்கிறாள். அடுத்த வியாழன் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். திரையில் மகன் வரவில்லை.

"எல்லாஞ் சேந்து பூட்டிருச்சும்மா. பரீட்சை ரிசல்ட்டு, சர்க்கார் சமாச்சாரம் மட்டுந்தான் வரும். ஊர்க்கூட்டத்துல நீங்க மறுபடி ஒரு வார்த்தை சொல்லிட்டா தொறந்து விட்ருவேன்" என்றார் நூலகர்.

அவர் வாய் மூடும்வரை பார்த்திருந்தாள். எழுந்து வந்துவிட்டாள்.

நான் வீட்டுக்குப் போனேன். எதிரே உட்கார்ந்து, "கூட்டத்துல நான் பேசுறேன் மதினி. நீங்க தலைய மட்டும் ஆட்டுங்க" என்றேன்.

"பூட்டச் சொன்னவ நான். நானே போயி தொறன்னு நிக்கவா? அந்தப் பயலுக பல்லக் காட்டுறதுக்கா?"

"மகன் மூஞ்சியப் பாக்க வேணாமா?"

"அவன் மூஞ்சி எனக்குத் தெரியாதாக்கும்."



இப்போதும் வியாழக்கிழமை மலையாண்டி என் பட்டன் போனுக்குக் கூப்பிடுகிறான். முன்போல என்னிடம் நீட்டுவதில்லை. காதில் வைத்துக்கொள்கிறாள். "சாப்டியாடா", "வெயில்ல நிக்காத" என்று இவள் பாட்டுக்குச் சொல்கிறாள். அவன் என்ன சொல்கிறான் என்று இரண்டு பேருக்குமே தெரியாது, எனக்கும் அவளுக்கும். அவன் வைத்த பிறகும் வைத்திருப்பாள். நான் தோளைத் தட்டி, கட்டாகிவிட்டது என்று கையைக் காட்டுவேன். கொடுத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போவாள்.