அப்பிச்சி கட்டிய தூரி

வைகாசி முடிய நான்கு நாள் இருக்கும்போது, கம்பெனி ஆபீஸ் போனுக்கு அந்தச் செய்தி வந்தது. பீளமேட்டில் மோட்டார் பம்பு செய்யும் கம்பெனி ஒன்றில் நான் சூப்பர்வைசர். வார்ப்புப் பிரிவின் இரைச்சலில் எதுவும் காதில் விழாது என்பதால், கிளார்க் வாசலில் நின்று கையை ஆட்டினார். காங்கேயத்து டெலிபோன் பூத்திலிருந்து பேசியவர் என் மாமனாரின் பக்கத்துத் தோட்டத்துக்காரர்.

"ஏனுங்க மாப்பிள்ளை, மாமா போயிட்டாருங்க. காத்தால ஆட்டுக்குத் தழை ஒடிச்சுப் போட்டுட்டு வந்து கட்டில்ல சாஞ்சவருதானுங்க. எந்திரிக்கவே இல்லீங்க. கலாமணியவும் பேத்தியவும் கூட்டிட்டு வெரசா வாங்க."

போனை வைத்த பிறகு எனக்கு முதலில் அழுகை வரவில்லை. இனி சொல்ல முடியாது என்றுதான் தோன்றியது. மூன்று வருஷமாக ஒரு வார்த்தை சொல்லத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். தீபாவளிக்குப் பார்த்துக்கொள்ளலாம், பொங்கலுக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். அன்று அந்தக் கிளார்க் மேஜை முன்னால் நின்றபோது எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது.

என் மாமனார் சென்னியப்பன் அவர்களைப் பற்றி, முப்பதாம் நாளன்று உறவினர் கையில் கொடுப்பதற்காக இதை எழுதுகிறேன். அவரைத் தெரியாதவர்களும் படிக்கலாம். ஆனால் மூன்று வருஷத்துக்கு முன் ஆடி நோம்பியன்று அந்தப் புளிய மரத்தடியில் நின்றிருந்த அத்தனை பேரும் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் கத்தியதைக் கேட்டவர்கள் அவர்கள்தான்.

காங்கேயத்துக்கு மேற்கே வானம் பார்த்த பூமி அவருடையது. கொஞ்சம் சோளம், கொஞ்சம் கொள்ளு, மீதியெல்லாம் மாடு மேய்வதற்காகக் கிளுவை வேலி போட்டு விட்டிருந்த புல்வெளி. அந்தப் பக்கத்தில் அதைக் கொறங்காடு என்பார்கள். நான் பெண் பார்க்கப் போனபோது அவர் என்னிடம் மொத்தம் இரண்டு கேள்விதான் கேட்டார். "பஸ்சு சிரமமில்லாம கெடச்சுதுங்களா?" என்பது ஒன்று. "மோரு குடிக்கறீங்களா?" என்பது இன்னொன்று. கல்யாணத்துக்குப் பிறகும் அப்படித்தான். நான் உட்காரும்வரை அவர் உட்கார மாட்டார். நான் ஒன்று சொன்னால், "சரிங்க மாப்பிள்ளை" என்பதைத் தவிர வேறு பதில் வராது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் மரியாதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். மாமா அதில் ஒரு படி மேலே. நானும் ஏதோ என்னுடைய அறிவுக்குக் கிடைத்த மரியாதை என்று எண்ணி, நன்றாகவே நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

தன் மகளைக்கூட அவர் கையில் தூக்கியதில்லையாம். "எங்கப்பா சிரிச்சு நான் பாத்ததே இல்லீங்க" என்று என் மனைவி கலாமணி சொல்லியிருக்கிறாள். பாடுபடுகிற காலத்தில் அவருக்கு நேரமும் இருந்திருக்காது.

தொண்ணூறு பிறந்த சமயத்தில் எங்கள் மகள் நித்யாவுக்கு மூன்று வயது. அந்த வருஷக் கோடையில் அவளைத் தோட்டத்தில் விட்டுவிட்டு வந்தோம். இருபது நாள் கழித்து அழைத்து வரப் போனால், வீட்டில் யாரும் இல்லை. கொறங்காட்டில் தேடிப் போனேன். தலையில் துண்டை உருமாலை கட்டிக்கொண்டு மாமா வெள்வேல மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிறார். படுத்திருந்த அவருடைய மயிலைக் காளையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நித்யா ஒன்று, இரண்டு எண்ணுகிறாள். என்னைப் பார்த்ததும் மாமா வெட்கப்பட்டு, துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். "பேத்தி வுட மாட்டீங்குதுங்க" என்று பழியை அவள் மேல் போட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் விடுமுறையெல்லாம் அங்கேதான். நித்யாவுக்கு அவர் அப்பிச்சி. அவருக்கு அவள் அம்மணி. அந்த அம்மணிக்கும் வாங்க, போங்க என்ற மரியாதைதான். ஒரு முறை அவள் கோயமுத்தூரிலிருந்து இரண்டு இறகுப்பந்து மட்டைகளைக் கொண்டு போனாள். சோளம் காயவைக்கும் களத்தில் ஆட்டம் நடந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாமா ஒரு மட்டையைக் கொடுவாளைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு ஓடுவார். பந்து கீழே விழுந்தால், "நம்முளுது தப்புங்க அம்மணி, இன்னொருக்கா போடுங்க" என்பார். என் அத்தை, அதாவது மாமியார், முறத்தை வைத்துவிட்டு வந்து, "நவுருங்க, நான் ஒரு கை பாக்கறேன்" என்று மட்டையைப் பிடுங்கிக்கொண்டதும் நடந்திருக்கிறது. நித்யாவிடம் இரண்டு பேருமே தோற்றார்கள். அன்று மாமா வாய்விட்டுச் சிரித்ததை கலாமணி சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே ஆடி நோம்பிதான். எங்கள் பக்கத்தில் பண்டிகை என்றால் நோம்பி, ஊஞ்சல் என்றால் தூரி. ஆடி பதினெட்டுக்குத் தூரி கட்டாத தோட்டம் கிடையாது. மாமாவிடம் ஒரு வடம் இருந்தது. மாடு கட்டிக் கவலையில் தண்ணீர் இறைத்த காலத்தில் கிணற்றிலிருந்து சால் இழுத்த கயிறு, கை மணிக்கட்டுக் கனம். மோட்டார் வந்த பிறகு அதற்கு வருஷத்தில் ஒரு நாள்தான் வேலை. நோம்பிக்கு இரண்டு நாள் முன்பே அதை அட்டாலிப் பரணிலிருந்து இறக்கி, மாட்டுத் தொட்டியில் ஒரு பொழுது ஊறப்போடுவார். பிறகு இரண்டு மரத்துக்கு நடுவே இழுத்துக் கட்டிக் காயவைப்பார். புளியங்கிளையில் சாக்கைச் சுற்றி அதன் மேல் வடத்தைப் போட்டு முடிச்சிடுவார். முதலில் அவரே ஏறி ஆடுவார். "கட்டுனவன் ஆடி எறங்குன பொறவுதானுங்க மத்தவீக" என்பார். அறுபது வயதுக்காரர் கிளை உயரத்துக்குப் போய் வருவதை ஊரே வேடிக்கை பார்க்கும். அதன் பிறகு நித்யா, அவளுக்குப் பிறகு அத்தை, அப்புறம் வந்திருக்கிற எல்லோரும்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய ஆடிக்கு நான் ஒரு காரியம் செய்தேன். அந்த வடத்தைப் பார்த்தால் எனக்கு எப்போதும் பயம். நாள்பட்ட கயிறு, என்றைக்காவது அறுந்துவிடும் என்று நினைப்பேன். மோட்டார் கம்பெனியில் வேலை பார்ப்பவனுக்கு உலகத்தில் தெரியாத சங்கதி உண்டா? உக்கடத்தில் ஒரு கடையில் நீல நிற நைலான் கயிறு ஒரு கட்டு வாங்கிக்கொண்டு போனேன். "மாமா, இது லாரியவே இழுக்கும். அந்தப் பழசைத் தூக்கிப் போடுங்க" என்றேன்.

மாமா அதை வாங்கி விரலால் நெருடிப் பார்த்தார். "மழமழன்னு நல்லா இருக்குதுங்க மாப்பிள்ளை" என்றார். பிறகு அதையே கட்டினார். ஏறி ஆடிக் காட்டி இறங்கினார்.

அன்று அவர் மரத்தடியை விட்டு நகரவே இல்லை. ஒவ்வொருவர் இறங்கியதும் ஏணியை வைத்து ஏறி, முடிச்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு இறங்கினார். வயதானவருக்கு ஏன் இந்த வேலை என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. மதியம் சாப்பாட்டுக்கு இலை போட்டதும், மாமா என் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் சாப்பிடுவேன் என்று இரண்டு முறை ஆள் அனுப்பினேன். இரண்டாவது முறை வந்து உட்கார்ந்தார். பாயசம் ஊற்றும்போது மரத்தடியிலிருந்து அலறல் கேட்டது.

நித்யாவுக்கு இடது முழங்கை முறிந்திருந்தது. கயிறு அறுபடவில்லை. முடிச்சு நழுவி அவிழ்ந்திருந்தது. நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, அத்தனை பேர் முன்னால் கத்தினேன். "ஒரு முடிச்சு ஒழுங்காப் போடத் தெரியாதவரு எதுக்குங்க தூரி கட்டறீங்க? இனி என் கொழந்தைய உங்களை நம்பி வாசலுக்குக்கூட அனுப்ப மாட்டேன்."

மாமா கை கூப்பினார். எச்சில் கை. "தப்பு என்னுதுங்க மாப்பிள்ளை" என்றார்.

கை கூடிவிட்டது. ஆறு வாரத்தில் மாவுக்கட்டையும் பிரித்துவிட்டார்கள். ஆனால் விடுமுறைக்கு அனுப்புவது நின்றது. ஆடிக்கு லீவு கிடைக்கவில்லை என்று நானே காரணம் சொன்னேன். மாமாதான் மாதம் ஒரு முறை பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வருவார். கடலைக்காய், புடலங்காய் என்று பை நிறைய இருக்கும். நித்யா அவர் கையைப் பிடித்து, "பார்க்குக்குப் போலாம் வாங்க அப்பிச்சி" என்று இழுப்பாள். தெருமுனையில்தான் பார்க். "அப்பாகிட்டக் கேட்டுட்டு வாங்க அம்மணி" என்பார். அவள் என்னிடம் வந்து கேட்பாள். நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "வீட்டுக்குள்ளேயே வெளையாடு" என்பேன். நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவர் அவளுக்குக் கடலைக்காய் உரித்துக் கொடுப்பார். சாயங்கால பஸ்சுக்குக் கிளம்பும்போது, "போயிட்டு வாரேனுங்க மாப்பிள்ளை" என்று கும்பிடுவார். கேட்டுக்கு வெளியே அவர் ஒரு நாளும் அவளைக் கூட்டிப் போகவில்லை. மூன்று வருஷத்தில் அவளும் இழுப்பதை விட்டுவிட்டாள். ஒரு வார்த்தை, "கூட்டிட்டுப் போங்க மாமா" என்று நான் சொல்லியிருந்தால் போதும்.

கருமாதி முடிந்த மறுநாள், பெரிய பாத்திரங்களை அட்டாலியில் ஏற்றச் சொன்னாள் அத்தை. ஏறிப் பார்த்தால், மூலையில் அந்த வடம் சுருள் சுருளாக இருந்தது. தூசி இல்லை. பக்கத்தில் என் நீலக் கயிறும் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"இதை ஏனுங்க அத்தை வெச்சிருக்கீங்க?" என்றேன்.

"நீங்க ஆசையா வாங்கியாந்ததுன்னு தூக்கிப் போட வுடலீங்க" என்றாள் அத்தை. கொஞ்சம் தயங்கினாள். "இப்பச் சொன்னா என்னங்க, அவியளே போயிட்டாங்க. அன்னைக்குக் காத்தாலயே எங்கிட்டச் சொன்னாங்க, இந்தக் கயித்துல முடிச்சு நிக்காது, வழுக்கும்னு. அப்பறம் ஏனுங்க கட்டறீங்கன்னேன். மாப்பிள்ளை கோயமுத்தூர்ல இருந்து வாங்கியாந்திருக்காரு, வேண்டாம்னு எப்படிச் சொல்றது, நான் கிட்டயே நின்னு பாத்துக்கறேன்னாங்க."

நான் ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கிட்டவே நின்றவரைச் சாப்பிடக் கூப்பிட்டது நான்தான்.

"வடம் இவ்வளவு சுத்தமா இருக்குதுங்களே" என்றேன், பேச்சை மாற்றுவதற்காக.

"வருசத்துக்கொருக்கா தண்ணி காட்டோணுமுங்க, இல்லீனா இத்துப் போயிரும். அப்பறம் வந்த ரெண்டு ஆடிக்கும் எறக்கி ஊறப்போட்டு, காயவெச்சு எடுத்து வெச்சாங்க. யாருங்க வரப் போறாங்கன்னு நான் கேட்டனுங்க. மாப்பிள்ளை மனசு மாறி திடீர்னு கூட்டிட்டு வந்துட்டார்னா அன்னைக்குப் போய் ஊறப்போட முடியுமான்னாங்க."

கீழே நின்றிருந்த நித்யா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது அவளுக்குப் பதினொரு வயது. களத்துக்குப் போய்ப் புளிய மரத்தை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் கிளையில், வருஷா வருஷம் வடம் அழுத்திய இடம் வழவழவென்று தேய்ந்திருக்கிறது. அவள் அழுவதைப் பார்த்தும் பக்கத்தில் போக எனக்குத் துணிவு வரவில்லை.

அடுத்த மாதம் ஆடி. இழவு விழுந்த வீட்டில் இந்த வருஷம் நோம்பி கிடையாது, தூரியும் கிடையாது. ஆனால் வடத்துக்குத் தண்ணீர் காட்ட வேண்டும். நானும் நித்யாவும் போகிறோம். நோம்பிக்கு இரண்டு நாள் முன்பே இறக்கி, மாட்டுத் தொட்டியில் ஊறப்போட்டு, அவர் கட்டிய அதே இரண்டு மரத்துக்கு நடுவே கட்டிக் காயவைப்போம். எப்படி இழுத்துக் கட்டுவது என்று அவளுக்குத் தெரியுமாம். அப்பிச்சியோடு நின்று பார்த்திருக்கிறாள்.

உறவினர்களே, அந்த ஆடியன்று என் மாமனாருக்கு முடிச்சுப் போடத் தெரியாது என்று உங்கள் எல்லோர் முன்னாலும் சொன்னேன். அது பொய். அந்தக் கயிற்றை வாங்கி வந்தவன் நான். அவரை மரத்தடியிலிருந்து கிளப்பியவனும் நான்.

போயிட்டு வாங்க மாமா. தப்பு என்னுதுங்க.