ஓரகத்தி எடுத்த படம்

எனக்கும் என் ஓரகத்திக்கும் நடுவில் ஒரு மதில்சுவர்தான். கோட்டுச்சேரியில் மாமனார் தன் மனையை இரண்டாகப் பிரித்துக் கட்டிய வீடுகள். மூத்தவரைக் கட்டிய எனக்குக் கிழக்கு வீடு, இளையவரைக் கட்டிய அவளுக்கு மேற்கு வீடு. சுவரின் நடுவில் ஒரு தகரக் கதவு உண்டு. அதற்குத் தாழ்ப்பாள் போட்டதே இல்லை. போட்டிருக்கலாம் என்று பிறகு பல தடவை நினைத்திருக்கிறேன்.

வானம் பார்க்கும் பைத்தியம் இந்தக் குடும்பத்தில் முதலில் எனக்குத்தான் பிடித்தது. இதை யாரும் மறந்துவிடக் கூடாது. பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்துவிட்டு வந்து, காப்பியைக் குடித்த கையோடு கொல்லையில் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவள் நான். அதன் கண்ணாடியில் கைப்பேசியை வைத்து நிலாவைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸப்பில் போடுவேன். "அண்ணி கலக்குறாங்க" என்று யாராவது எழுதுவார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது.

பிறகு ஊரடங்கு வந்தது. சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்த ஓரகத்தி, இனி வீட்டிலிருந்தே வேலை என்று புருஷனோடு மேற்கு வீட்டில் வந்து இறங்கினாள். ஒரு சாயங்காலம் என் தொலைநோக்கியில் சனியின் வளையத்தைப் பார்த்துவிட்டு, "அய்யோ அக்கா, இம்புட்டு அழகா இருக்கே!" என்று குதித்தாள். நானும் பெருமையோடு முறுக்கும் டீயும் கொடுத்து அனுப்பினேன். அடுத்த மாதமே அவள் வாசலில் ஆளுயர அட்டைப்பெட்டி. பொத்தானைத் தட்டினால் தானே கோளைத் தேடிப்பிடித்துக் கூடவே நகரும் தொலைநோக்கி, அதன் பின்பக்கம் மாட்டத் தனியாக ஒரு கேமரா. என் கொல்லையில் நின்று பார்த்து, என் ஆசையையே தூக்கிக்கொண்டு போய்விட்டாளே! அதற்குப் பிறகு வாட்ஸப்பில் என் நிலாவை யார் பார்த்தார்கள்?

அந்த மார்கழியில் வியாழனும் சனியும் ஒட்டினாற்போல வந்தன. தொலைநோக்கியில் ஒரே பார்வைக்குள் இரண்டும் அடங்கும். ஆயுளுக்கு ஒரு தடவை கிடைத்தால் உண்டு. அடுத்த வாரம் சனிப்பெயர்ச்சி வேறு. திருநள்ளாற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஊரில் வேறு என்ன பேச்சு இருக்கும்? மாமனார் தன் ஹார்டுவேர் கடைக்கு வருடா வருடம் சாமி படம் போட்டுக் காலண்டர் அடிப்பார். எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு வைத்துச் சொன்னார்.

"ரெண்டு பேரும் எடுங்கம்மா. யாருது நல்லா வருதோ, இந்த வருஷம் அதையே போட்டுடுவோம். கீழ பேரும் போடச் சொல்றேன். பிரஸ்காரர் நாளைக்கே படம் வேணுங்குறாரு."

பூவத்திலிருந்து கிளிஞ்சல்மேடு வரைக்கும் மாமா கடைக் காலண்டர் தொங்காத வீடு குறைவு. அத்தனை சுவரிலும் என் பெயர் இருக்க வேண்டும். அவள் பெயர் இருக்கக் கூடாது. என் மனசில் இந்த இரண்டில் எது பெரியது என்று கேட்டால் சொல்ல மாட்டேன்.

காலையெல்லாம் தூறிக்கொண்டிருந்த வானம் சாயங்காலம் தெளிந்தது. மேற்கே சாய்ந்த வியாழனும் சனியும் இருட்டும்போதே கண்ணுக்குத் தெரிந்தன. கொஞ்ச நேரத்தில் அவள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இறங்கிவிடும். அதிலும் பாருங்கள், மேற்கு அவளுக்கு, தொட்டி எனக்கு.

அவள் தெருவில் எல்லோரையும் கூப்பிட்டு வைத்திருந்தாள். ஆனால் முதலில் வந்த மாமியார் அவள் தொலைநோக்கிக்கு முன்னால் போகவே மறுத்துவிட்டார்.

"இதுல நேரா நின்னுல்ல பாக்கணும்? கோயில்லயே சனீஸ்வரனுக்கு எதுக்க நிக்க மாட்டோம். ஒதுங்கி நின்னுதான் கும்புடுவோம். நான் மாட்டேம்மா."

சுவருக்கு இந்தப் பக்கமிருந்து இதைக் கேட்டேன். என் தொலைநோக்கியோ பழைய மாதிரி. கண் வைக்கும் இடம் குழாயின் பக்கவாட்டில் இருக்கும். விடுவேனா?

"அத்தை, இங்க வாங்க! என்னோடதுல பக்கவாட்டுல நின்னுதான் பாக்கணும். கோயில் மாதிரியேதான்!"

அவ்வளவுதான். தகரக் கதவு வழியாகத் தெருவே என் கொல்லைக்குள் வந்துவிட்டது. செருப்பை வெளியே விட்டுவிட்டு வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவராக ஒதுங்கி நின்று குனிந்து பார்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்தார்கள். "மோதரம் போட்டாப்புல இருக்கு டீச்சர்!" என்றாள் பால்காரம்மா. ஓரகத்தியின் புருஷன், என் கொழுந்தனார், அவரும் மெதுவாக வந்து நின்றார்.

"அண்ணி, அவகிட்ட சொல்லிடாதீங்க. அங்க நேரா பாக்க எனக்கும் ஒரு மாதிரியா இருக்கு."

அந்த நேரத்தில் எனக்கு இருந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது! சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. கூட்டம் பார்த்து முடித்ததும் படமெடுத்துக்கொள்ளலாம் என்று நானும் ராஜாத்தி மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

ஒரு வழியாகக் கைப்பேசியை மாட்டித் திரையைப் பார்த்தால், வியாழனும் சனியும் தோசைக்கல்லுக்கு மேலே காற்று நெளிவதுபோல நெளிந்துகொண்டிருந்தன. குழாயைத் தட்டினேன், திருகினேன். ஒன்றும் நிற்கவில்லை. பிறகுதான் குனிந்து பார்த்தேன். தொலைநோக்கியின் வாய்க்கு நேர் கீழே, செங்கல் மேல் ஓர் அகல்விளக்கு. கறுப்புத் துணியில் முடிந்த எள், நல்லெண்ணெயில் சடசடவென்று எரிந்து புகைந்துகொண்டிருந்தது. அந்தச் சூடும் புகையும் நேராகக் குழாயின் வாயைத் தாண்டித்தான் மேலே போயின.

"யாரு வச்சது இத?"

"நாந்தாம்மா," என்றார் மாமியார். "சனீஸ்வரன் நம்ம வீட்டுக்கே வந்திருக்காரு. எள் விளக்கு ஏத்தாம இருக்கலாமா?"

"கொஞ்சம் அணைச்சிட்டு அப்புறமா ஏத்திக்கலாம் அத்தை."

கூட்டமே என்னைத் திரும்பிப் பார்த்தது. "அய்யய்யோ, என்ன பேச்சு பேசுற! சனிக்கு ஏத்துன வெளக்க அணைக்கிறதா? நகத்தவும் கூடாது. அது தானா மலையேறணும்."

விளக்கைத் தொட முடியாதென்றால் தொலைநோக்கியையாவது நகர்த்த வேண்டும். கொழுந்தனாரும் நானுமாகத் தூக்கி, கிணற்றடிக்குக் கொண்டுபோய் வைத்து, மறுபடியும் கோளைத் தேடிப் பிடிப்பதற்குள் இரண்டும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இறங்கிவிட்டன. எண்ணெய் நிறைய ஊற்றியிருந்தார் போல. விளக்கு அதற்குப் பிறகும் நன்றாக எரிந்தது.

என் படத்தில் இரண்டு மஞ்சள் கறைகள்தான் இருந்தன. அவள் படத்தில் வளையம் இருந்தது, வியாழனின் கோடுகள் இருந்தன, அதைச் சுற்றி நான்கு நிலாக்கள் பொட்டு வைத்ததுபோல இருந்தன. கூட்டமில்லாத, புகையில்லாத கொல்லையில் நிம்மதியாக எடுத்திருக்கிறாள். அந்த நிம்மதியை அவளுக்குக் கொடுத்தவள் நான் என்று நினைக்க நினைக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

காலண்டர் அச்சாகி வந்ததும் அவளே ஒன்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தாள். விரித்துக் காட்டிவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

"எப்படிக்கா இருக்கு?"

"தாள் நல்ல தாள்தான்," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அன்னிக்கு எங்க கொல்லையில ஒரு ஆளு நிக்கலக்கா. உங்க வீட்டுச் சத்தத்தக் கேட்டுக்கிட்டேதான் எடுத்தேன். இவரும் உங்ககிட்ட வந்துதான் பாத்தாரு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கிட்டிருக்காரு. நீங்க ஒருத்தராவது பாத்துச் சொல்லுங்கக்கா. எது சரியா வந்திருக்கு, எது வரலன்னு உங்களுக்குத்தானே தெரியும்?"

எனக்குத் தெரியும். வளையத்துக்கும் கோளுக்கும் நடுவில் இருக்கும் அந்தக் கறுப்பு இடைவெளிகூட விழுந்திருந்தது. இந்தக் குடும்பத்தில் அதைக் கண்டுபிடித்துச் சொல்ல என்னை விட்டால் ஆள் கிடையாது.

"அடுப்புல குழம்பு இருக்கு. அப்புறமா பாக்குறேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

என் வீட்டுக்காரர் அதைச் சமையலறை வாசலிலேயே மாட்டினார். அந்த வருடம் முழுக்கத் தினமும் தேதியைக் கிழித்துவிட்டு, அந்த இடைவெளியைக் கொஞ்ச நேரம் பார்ப்பேன். தேதியெல்லாம் தீர்ந்து அட்டை மட்டும் மிஞ்சியது. புதுக் காலண்டரை அதே ஆணியில் மாட்ட அவர் வந்தபோது, வேறு ஆணி அடித்துக்கொள்ளச் சொன்னேன்.

இன்றும் அது அங்கேதான் தொங்குகிறது. என் வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஓரகத்தி ஒரு தடவை அதைப் பார்ப்பாள், பிறகு என்னைப் பார்ப்பாள். நான் குழம்பைக் கிண்டுவேன்.