பித்தப்பைக்கு ஒரு டியூப்

நர்ஸ் வேலையில் பாதி நோயாளியைப் பார்ப்பது, மீதி அவர் உடம்பிலிருந்து வெளியே வருவதைப் பார்ப்பது. என்னோடு இந்த வேலையில் முதுகொடிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எண்பதுகளில் நான் செஞ்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் இருந்தேன். பித்தப்பையில் சீழ் பிடித்து, வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்தால் தாங்க மாட்டார் என்ற நிலையில் சிலர் வருவார்கள். அவர்களுக்கு எங்கள் டாக்டர் விலாவுக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டு, சின்னதாகக் கீறி, பித்தப்பைக்குள் ஒரு டியூப் வைத்துத் தைத்துவிடுவார். சீழ் கட்டிலடியில் இருக்கும் பாட்டிலில் இறங்கும். அந்த பாட்டிலுக்குக் காவல் நான்.

கையெழுத்து

ஜவுளிக்கடை பாய் பிழைத்துக்கொண்டார், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வந்த அன்று அப்படித் தெரியவில்லை. எழுபது வயது, சர்க்கரை, ஏற்கெனவே இரண்டு முறை நெஞ்சுவலி. உடம்பு அனலாய்க் கொதித்தது. "டியூப் வைத்தாலும் உத்தரவாதம் இல்லை, வைக்காவிட்டால் நிச்சயம் பிழைக்க மாட்டார்" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நான்கு மகன்கள். சம்மதப் படிவத்தை மூத்தவர் கடைசித் தம்பியிடம் கொடுத்தார், அவர் நடுவில் உள்ள ஒருவரிடம் கொடுத்தார். நாளைக்கு ஏதாவது ஆனால் கையெழுத்துப் போட்டவன் தலையில் விழுமே என்ற பயம். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு மணி நேரம் வராந்தாவில் பேசினார்கள். கண்ணை மூடிக் கிடந்த பாய் என் பக்கம் கையை நீட்டினார்.

"இவனுங்க நாலு பேரும் யோசிச்சி முடிக்கறதுக்குள்ள நான் மவுத்தாயிடுவேன். பேனாவ இப்பிடிக் குடும்மா."

முந்தானை

தொண்டூர் விவசாயி ஒருவருக்கு டியூப் வைத்த பிறகும் காய்ச்சல் இறங்கவில்லை. ஜன்னியில் பிதற்றினார். ஏர் ஓட்டுவதுபோல் கத்துவார், உடனே கை டியூபைத் தேடிப் போகும். முதல் சில நாட்களில் அது பிடுங்கிக்கொண்டு வந்தால் பித்தம் வயிற்றுக்குள் கசியும். அப்புறம் யாராலும் காப்பாற்ற முடியாது. நான் பேண்டேஜ் துணியால் அவர் கையைக் கட்டிலோடு கட்டப் போனேன்.

அவர் மனைவி பச்சையம்மா என்னைத் தடுத்தாள். "மாட்டக் கட்டற மாதிரி கட்டாதம்மா" என்றாள். தன் முந்தானையை அவர் மணிக்கட்டில் முடிந்துகொண்டு கட்டில் ஓரமாகத் தரையில் உட்கார்ந்தாள். கை அசைந்தால் சேலை இழுக்கும், உடனே பிடித்துக்கொள்வாள். மூன்று நாள் அப்படியே. கரெண்ட் போன மத்தியானங்களில் ஒரு கையால் அவருக்கு விசிறிக்கொண்டே சாப்பிட்டாள். எழுந்து போக வேண்டுமானால் என்னைக் கூப்பிட்டு, முடிச்சை அவிழ்த்து, அவர் கையை என் கையில் கொடுத்துவிட்டுப் போவாள்.

நான்காம் நாள் காலையில் பாட்டிலில் சீழ் நின்று, நல்ல பித்தம் இறங்கியிருந்தது. அவருக்குத் தெளிவாகக் கண் திறந்தது. மணிக்கட்டைப் பார்த்து, "இன்னாடி இது?" என்றார். அவள் முடிச்சை அவிழ்க்காமலே சொன்னாள்:

"எங்கனா பூடுவியோன்னு பயமா இருந்துச்சி."

இரண்டு தையல்

அவலூர்பேட்டை சந்தையில் காய்கறி விற்ற அம்மா அவர். ஒன்பது நாள் வலியை வாய்வு என்று நினைத்துப் பொறுத்துக்கொண்டிருக்கிறார். கொத்தனார் வேலை பார்க்கும் மகன் தூக்கிக்கொண்டு ஓடி வந்தபோது நாடி சரியாகக் கிடைக்கவில்லை. டியூப் வைத்ததும் கறுப்பும் பச்சையுமாகச் சீழ் கொட்டியது. சாயங்காலம் கண் திறந்து மகனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். அந்தச் சந்தோஷத்தில் நான் அவனிடம், "பொழச்சிக்குவாங்க, பயப்படாத" என்று சொல்லிவிட்டேன். எந்த நர்ஸும் சொல்லக் கூடாத வார்த்தை.

மறுநாள் பத்து மணிக்கு இறந்துபோனார்.

அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் பாட்டிலைக் கழற்றிக்கொண்டிருந்தேன். "அந்த டியூப எடுத்துடுங்கக்கா. எங்கம்மா ஓட்டையோட போக வேணாம்" என்றான். வெளியே நோயாளிகள் வரிசையாகக் காத்திருந்தார்கள். விஷயம் கேட்டதும் டாக்டர் எழுந்து வந்தார். கையுறை மாட்டிக்கொண்டு டியூபை உருவினார். உயிரோடு இருப்பவருக்கு வலிக்கக் கூடாது என்பதுபோல நிதானமாக இரண்டு தையல் போட்டார். நான் பஞ்சால் துடைத்து, சேலையைச் சரிசெய்தேன்.

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. "நேத்து நான் உங்கிட்ட அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாதுப்பா" என்றேன். அவன் இல்லை என்று தலையை ஆட்டினான்.

"நீங்க சொல்லலன்னா நான் அழுதுகினேதான் அதுகிட்ட பேசியிருப்பேன். எங்கம்மா என் சிரிச்ச மூஞ்சியப் பாத்துட்டுப் போயிருக்குதுக்கா."

டியூப் வைப்பது டாக்டருக்குத் தெரியும், பாட்டிலை அளப்பது எனக்குத் தெரியும். எந்த நேரத்தில் என்ன பேச வேண்டும் என்பது மட்டும் கடைசிவரை எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாமலே அந்த வார்டு நடந்தது.