ஊர் சிம் போகும் போன்

இலங்கையில் சண்டை முடிந்த வருசம் என் தங்கை, ஆமி சனத்தை அடைத்து வைத்த வவுனியா முகாமில் இருந்தாள். கனடாவின் ரொறன்ரோவில் இருந்த என்னோடு அவள் பேசுவது, முகாமில் யாரோ ஒளித்து வைத்திருந்த போனை இரவல் வாங்கித்தான். நாலு வார்த்தை பேசுவதற்குள், "போன்காரர் பாத்துக்கொண்டு நிக்கினம். வைக்கட்டோ அக்கா?" என்பாள். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வரும். வெளியே விட்டதும் அவள் கையில் சொந்தமாக ஒரு நல்ல ஸ்மார்ட்போன் இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

"சின்னப் போன் ஒண்டு காணாதே?" என்று கேட்டார் என் கணவர்.

"அவள் மற்றவையிட்டைக் கைநீட்டினது காணும். இனி மற்றவை அவளிட்டை வந்து கேக்கட்டும்."

மனுசன் சரியென்று தலையாட்டினார். ஆனால் கடை வாசல் வரைக்கும்தான்.

டோர்செட் பார்க் பகுதியில் நாங்கள் குடியிருந்த கட்டடத்துக்கு எதிரே இருந்த பிளாசாவில் அந்தக் கடை. போன் கொம்பனியோடு மூன்று வருட ஒப்பந்தம் எழுதினால் போன் சும்மா. ஒப்பந்தம் இல்லாமல் அதே போனுக்கு என் இரண்டு கிழமைச் சம்பளம் போய்விடும்.

"உமக்கு விசரோ? சும்மா தாறாங்கள், நீர் காசு குடுக்கப் போறீர்!" என்றார் இவர்.

சும்மா என்ற சொல்லைக் கேட்டால் எங்கள் ஆட்களுக்குக் கண் தெரியாது. மாதக் கட்டணத்தைக் கூட்டிப் பார்த்தால் அந்தச் சும்மாவின் விலை விளங்கும். அதைவிடப் பெரிய வில்லங்கம் ஒன்றும் இருந்தது. எங்கள் கட்டடத்தில் பலர் ஒப்பந்தத்தில் போன் எடுத்து, ஊருக்குப் போகிறவர்களிடம் கொடுத்து விடுவார்கள். மேல்மாடி அன்ரியும் தன் தம்பிக்கு அப்படித்தான் அனுப்பினார். கொம்பனி பூட்டி வைத்த போன் அது, ஊர் சிம்மை ஏற்கவில்லை. "இப்ப அதிலை நேரம் பாக்கிறான்" என்று அன்ரி தானே சொல்லிச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்ரி ஊரில் பாவித்துவிட்டுக் கொண்டுவந்த பழைய சிம்மை வாங்கிப் பேர்சில் வைத்துக்கொண்டுதான் கடைக்குப் போயிருந்தேன். ஒப்பந்தப் போனுக்குள் அதைப் போட்டதும் திரை ஏதோ இலக்கம் கேட்டு முரண்டு பிடித்தது. முழு விலைப் போன் ஒரு கேள்வியும் கேட்காமல் திறந்தது.

"ஊர் சிம்மோடை வந்த முதல் ஆள் நீங்கள்தான் அக்கா" என்றார் கடைக்காரர். என் மனுசன் கூரையைப் பார்த்தார். காசை எண்ணிக் கொடுக்கும்போது எனக்கு நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் நிமிரும்.

வருசக் கடைசியில் தங்கையை வெளியே விட்டார்கள். ஊருக்குப் போன ஒருவர் போனைக் கொண்டுபோய் அவள் கையிலேயே கொடுத்தார். அன்று அவள் சிம் வாங்கிப் போட்டுத் தானே எனக்குக் கோல் எடுத்தாள். முகாமில் சொல்லாததெல்லாம் சொன்னாள், அழுதாள், என் மகளின் படிப்பை விசாரித்தாள். பிறகு திடீரென்று குரலைத் தாழ்த்தினாள்.

"கனநேரமாப் போச்சு. போன்காரர் பாத்துக்கொண்டு நிப்பினம். வைக்கட்டோ அக்கா?"

"போன்காரி நீதானடி!"



"ஓமென்ன, என்ரை போன்தானே" என்றாள். பிறகு, வைக்காமல், விட்ட இடத்திலிருந்து பேசத் தொடங்கினாள்.